பிரித்தானியாவில் குடிவரவு வழக்கு தோற்றால் செலவை யார் கட்டுவது? படிப்படியான விளக்கம்

விசா அல்லது அடைக்கலக் கோரிக்கை மறுக்கப்பட்டு, அந்த முடிவை எதிர்த்து வழக்காடித் தோற்றவர்களை, தீர்ப்பைவிட அதற்குப் பின் வரும் கடிதமே அதிகம் கலங்கச் செய்கிறது. உள்துறை அமைச்சின் வழக்குச் செலவைக் கட்டும்படி கேட்கும் அக்கடிதத்தைப் படித்ததும் பிரிக்காத உறையைப் போல ஓரமாக வைத்துவிடுவோர் பலர். அது ஆபத்தானது, ஏனெனில் தொகையைக் குறைப்பதற்கான வாய்ப்பு அந்தச் சில வாரங்களுக்குள்தான் இருக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை மட்டுமே.

படி 1: உங்கள் வழக்கு எந்த வகை என்று பாருங்கள்

முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் செய்யப்படும் மேன்முறையீட்டில் தோற்றாலும் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவு உங்கள் தலையில் விழாது. அவரவர் செலவு அவரவருக்கே. ஒரு தரப்பு நியாயமற்ற முறையில் வழக்கை நடத்தியிருந்தால், அல்லது வழக்கறிஞரின் தவறால் செலவு வீணாகியிருந்தால் மட்டும், 2014ஆம் ஆண்டின் தீர்ப்பாய விதிகளின் 9ஆவது விதி விலக்கு அளிக்கிறது. நீதித்துறை மீளாய்வு, அதாவது அரசின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிபதியைப் பார்க்கக் கேட்கும், பேச்சில் ‘ஜேஆர்’ என்று சொல்லப்படும் வழக்கு, இதற்கு நேர்மாறானது. குடிவரவு தொடர்பான மீளாய்வுகளில் பெரும்பாலானவற்றை 2013 நவம்பர் முதல் மேல்நிலைத் தீர்ப்பாயமே விசாரிக்கிறது. அங்கே தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுப்பதே பொதுவிதி. கீழே வரும் படிகள் யாவும் இந்த மீளாய்வு வழக்கைப் பற்றியவை.

படி 2: வழக்கு எந்தக் கட்டத்தில் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

தொகையின் அளவைத் தீர்மானிப்பது இதுவே என்பதால், இந்தப் படியை நிதானமாகப் படிக்கவும். வழக்குத் தொடுப்பதற்கு முன் உள்துறை அமைச்சுக்கு அனுப்பும் முன்னறிவிப்புக் கடிதத்தோடு விவகாரம் நின்றுவிட்டால், உங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டரின் கட்டணத்தைத் தவிர வேறு செலவு இல்லை. வழக்கைப் பதிவு செய்தபின், அமைச்சு 21 நாட்களுக்குள் தன் பதிலையும் அதற்கான சுருக்கமான காரணங்களையும் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் நீதிபதி காகிதங்களை மட்டும் பார்த்து வழக்கைத் தொடர அனுமதி மறுத்தால், அந்தப் பதிலைத் தயாரித்த செலவை நீங்கள் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவும் வழக்கமாகச் சேர்ந்தே வரும்.

மறுப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 9 நாட்களுக்குள், வாய்மொழி விசாரணையில் அனுமதியை மீண்டும் கேட்கலாம். வழக்கில் எந்தத் தகுதியும் இல்லை என்று நீதிபதி சான்றளித்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். வாய்மொழி விசாரணையிலும் தோற்றால், அன்று அமைச்சின் சார்பில் வந்து வாதாடிய பாரிஸ்டரின் கட்டணமும் உங்களிடம் கேட்கப்படுமா? பொதுவாக இல்லை. 2003ஆம் ஆண்டின் மவுண்ட் குக் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அனுமதிக் கட்டத்தில் தோற்றவர் பதிலைத் தயாரித்த செலவைக் கொடுத்தால் போதும், விசாரணைக்கு வந்த செலவு விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே சேரும். ஆகவே அமைச்சின் பட்டியலில் அந்தச் செலவு இருந்தால், இந்த வழக்கைச் சுட்டிக்காட்டி எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அனுமதி கிடைத்து முழு விசாரணைவரை சென்று தோற்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை. பல ஆயிரம் பவுண்டுகள் வரக்கூடும்.

படி 3: சட்ட உதவி இருந்ததா என்று உறுதிசெய்யுங்கள்

அரசின் சட்ட உதவியில் வழக்கு நடந்திருந்தால், சட்ட உதவி பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு உங்களைக் காக்கிறது. உங்கள் வருமானம், இரு தரப்பின் நடத்தை ஆகியவற்றைப் பார்த்து நியாயமெனத் தோன்றும் தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க முடியாது. வருமானமே இல்லாதவரிடம் அது நடைமுறையில் ஒன்றுமில்லாமலும் போகலாம். சட்ட உதவிச் சான்றிதழ் கிடைப்பதற்கு முந்தைய செலவுக்கு இந்தக் காப்பு இல்லை என்பதால், அதன் தேதியைச் சொலிசிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பொருளாதார நிலையை எழுத்தில் சொல்லுங்கள்

மேல்நிலைத் தீர்ப்பாயத்தின் 10ஆவது விதியில், நம்மவர்கள் பலர் அறியாத ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தனிநபர் ஒருவர்மீது செலவு உத்தரவு இடுவதற்கு முன், அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பளித்து, அவரிடம் பணம் இருக்கிறதா என்பதையும் தீர்ப்பாயம் கருத்தில் கொள்ள வேண்டும். எதுவும் சொல்லாதிருந்தால் நீதிபதிக்கு அது தெரியாது. எனவே வங்கிக் கணக்கறிக்கை, சம்பளச் சீட்டு, அடைக்கல உதவிக் கடிதம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைச் சுருக்கமான விளக்கத்தோடு, உத்தரவில் கொடுத்த கெடுவுக்குள் அனுப்புங்கள். கேட்கப்படும் தொகைக்கு மணிக்கணக்கோடு கூடிய விவரப் பட்டியலையும் கேளுங்கள்.

வழக்குக்குப் பணம் சேர்த்துக் கொடுத்த அண்ணனோ மாமாவோ பொறுப்பாவார்களா என்ற அச்சம் நம் குடும்பங்களில் உண்டு. ஆதாயம் எதுவும் எதிர்பாராமல், வழக்கின் போக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாமல், அன்பினால் உதவியவர்மீது நீதிமன்றங்கள் பொதுவாகச் செலவுச் சுமையை ஏற்றுவதில்லை.

படி 5: பாதியில் விலகினால்

வழக்கை நீங்களாகத் திரும்பப் பெற்றால், அதுவரையான செலவு பெரும்பாலும் உங்களைச் சேரும். ஆனால் அமைச்சே தன் முடிவைத் திரும்பப் பெற்றதால் வழக்கு தேவையற்றுப் போயிருந்தால், அதைத் தோல்வியாக எண்ணி ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்ற ஒப்பந்தத்தில் அவசரமாகக் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் கேட்டது கிடைத்திருந்தால் உங்கள் செலவை அமைச்சு தர வேண்டியிருக்கலாம் என்பது 2012ஆம் ஆண்டின் ‘எம் எதிர் குரோய்டன்’ (M v Croydon) வழக்கில் நிலைநாட்டப்பட்ட கோட்பாடு.

படி 6: கட்டாமல் விட்டால்

உள்துறை அமைச்சுக்கு உரிய வழக்குச் செலவைக் கட்டத் தவறியவரின் அடுத்த விசா விண்ணப்பத்தை அதே காரணத்துக்காக மறுக்கலாம் என்று குடிவரவு விதிகள் கூறுகின்றன. மறுத்தே ஆக வேண்டும் என்று அவை கூறவில்லை. ஆனாலும் எதிர்காலத்தில் விண்ணப்பிக்க எண்ணுபவர் இந்தக் கடனைச் சிறியதாக நினைப்பது தவறு. மொத்தமாகக் கட்ட இயலாவிட்டால், அமைச்சின் சார்பில் வழக்காடும் அரசுச் சட்டத் துறைக்கு எழுதி, உங்களால் உண்மையிலேயே கட்டக்கூடிய மாதத் தவணையை முன்மொழியுங்கள். அவர்கள் இணங்கினால் அதை எழுத்தில் பெற்று, ஒவ்வொரு தவணையின் ரசீதையும் சேர்த்து வைத்து, அடுத்த விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.