மார்டினி-ஹென்றி ஏலத்துக்கு வந்தால்: முத்திரையைக் கடைசியில் படியுங்கள்

பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் ஏற்றுக்கொண்ட ஒற்றைக் குண்டு ரைஃபிள் மார்டினி-ஹென்றி. பழந்துப்பாக்கி ஏலங்களில் அடிக்கடி வரும் ரகம் இது, போலிக்கும் பஞ்சமில்லை. பெஷாவருக்குத் தெற்கே உள்ள தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் அரத்தையும் உளியையும் வைத்துக்கொண்டே இதை நகலெடுத்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் அங்குள்ள சந்தைகளில் வாங்கிப் போனவையும் இப்போது விற்பனைக்கு வருகின்றன.

வாங்க வருபவர் முதலில் தேடுவது கிரீடத்தையும் ஆண்டையும்தான். அது நகலெடுத்தவருக்கும் தெரியும்; உழைப்பை அங்கேதான் கொட்டியிருப்பார். ஆகவே அளவு, உலோக வேலை, மரம் என்று பார்த்துவிட்டு முத்திரைக்குக் கடைசியில் வாருங்கள்.

ஏலத்துக்கு முன் பொருளைக் காட்டும் பார்வை நாளுக்கு 10 மடங்கு லென்ஸ், வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் டேப், சிறு டார்ச், மெல்லிய மரக்குச்சி ஒன்று, பருத்திக் கையுறை ஆகியவை போதும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் லீவரைக் கீழே தள்ளுங்கள். குழலின் பின்வாயை அடைத்திருக்கும் பிளாக் இறங்கி, தோட்டா அறை திறக்கும். காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை.

லீவரை மூடிவிட்டு, குழல் வாய் வழியே மரக்குச்சியை பிளாக்கில் முட்டும்வரை விட்டு, வாயருகே அடையாளமிட்டு அளந்தால் குழலின் நீளம் கிடைக்கும். காலாட்படை ரைஃபிளுக்கு அது 33.2 அங்குலம், அதாவது 84.3 செ.மீ. ஓர் அங்குலம் குறைந்தாலே வாயை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். குறிபார்க்க வாயருகே உள்ள முன்குறியைச் சுற்றிப் புதிதாகப் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். முழு ரைஃபிளை அறுத்து 'குதிரைப்படை கார்பைன்' (குட்டை ரைஃபிள்) என்று விற்பதும் உண்டு.

அடுத்து காலிப்பரால் குழல் வாயின் துளையை அளந்து பாருங்கள். சுமார் 11.4 மி.மீ. இருக்க வேண்டும். 7.7 மி.மீ. அளவில் வந்தால் அது .303 தோட்டாவுக்கு மாற்றப்பட்ட மார்டினி-என்ஃபீல்டாக இருக்கலாம். அது போலியல்ல, ராணுவமே செய்த மாற்றம். ஆனால் மார்டினி-ஹென்றி என்று சொல்லி விற்கக் கூடாது.

குழலுக்குள் டார்ச் அடித்து குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களை எண்ணுங்கள். இந்த ரைஃபிளுக்குரிய ஹென்றி முறையில் ஏழு. 22 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. ஏலக்காரர் அனுமதித்தால், கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளிச் சோதிக்கலாம்: 22 அங்குலம் போனதும் கைப்பிடிக்கு அப்பால் கம்பி ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்க வேண்டும். பட்டறைக் குழல்களில் பள்ளங்களின் அகலம் ஒன்றுபோல் இராது. துளையே நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். உள்ளே துரு அரித்திருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். கருமருந்து சுட்ட குழல் அப்படித்தான் ஆகும்.

ரிசீவரின் (பிளாக்கும் பொறியும் அடங்கிய உலோகக் கூட்டின்) பக்கவாட்டில் டேப்பின் நேர்விளிம்பை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். எந்திரத்தில் கடைந்த பரப்பில் கீற்று சமமாக இருக்கும். அரத்தால் ராவியதில் நடுவே புடைத்தும் ஓரங்களில் சரிந்தும் தெரியும். வலப்பக்கம் நீர்த்துளி வடிவில் உள்ள காட்டி (பொறி சுடத் தயாரா என்று காட்டுவது), லீவரை இயக்கும்போது அசைய வேண்டும். ஒட்டவைத்ததுபோல் நின்றால் கைவிடுங்கள். மரத்தில் பார்க்க வேண்டியது விளிம்புகளை. உலோகத்தைவிட மரம் தாழ்ந்து, விளிம்புகள் மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். அதோடு கட்டையின் முத்திரைகளும் போயிருக்கும், விலையும் குறையும்.

இப்போது முத்திரை. ரிசீவரின் வலப்பக்கத்தில் கிரீடம், 'வி.ஆர்.', தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, மார்க் எண் (எந்தத் திருத்த வடிவம் என்பதைச் சொல்வது) இருக்கும். நகல்களில் கிரீடம் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கும். தயாரிப்பாளர் பெயராக வரும் 'என்ஃபீல்ட்' என்பதில் உள்ள ஆங்கில 'என்' இடவலமாகத் திரும்பியிருக்கலாம். எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காது. 'வி.ஆர்.' விக்டோரியா அரசிக்குரியது. அவர் இறந்தது 1901 ஜனவரியில். அதற்குப் பிந்தைய ஆண்டோடு 'வி.ஆர்.' இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: மார்க் 2 வந்தது 1877-ல் என்றாலும் 1874 என்ற ஆண்டோடு மார்க் 2 இருப்பதைக் கண்டு ஒதுக்கிவிட வேண்டாம். மார்க் 1 துப்பாக்கிகள் பலவற்றைப் பின்னர் மார்க் 2 ஆக மாற்றினார்கள். முனையோடு முனை சந்திக்கும் இரண்டு அம்புக்குறிகள் இருந்தால், ராணுவம் முறைப்படி விற்றொழித்தது என்று அர்த்தம், நல்ல அறிகுறி.

அதிகப் பணம் பறிபோவது 'ஜூலு போரில் பயன்பட்டது' என்ற வாசகத்தில். தென்னாப்பிரிக்காவில் ஜூலுக்களோடு பிரிட்டிஷார் மோதிய அந்தப் போரின் இசண்டல்வானா, ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டைகள் நடந்தது 1879 ஜனவரி 22, 23 தேதிகளில். 1880 என்று பொறித்த துப்பாக்கி அங்கே இருந்திருக்க முடியாது. 1879-ன் பிற்பகுதியில்தான் ஏற்கப்பட்ட மார்க் 3-உம் அப்படியே. அந்தச் சண்டைகளில் இருந்த 24-ஆம் ரெஜிமென்ட்டின் எண் பொறித்திருந்தால் லென்ஸை எடுங்கள். பழைய முத்திரையில் துருக்குழி எழுத்தின் அடித்தளத்தையும் அரித்திருக்கும். உள்ளே கறுத்த அழுக்கு கெட்டிப்பட்டிருக்கும். துருக்குழியை எழுத்து வெட்டிக்கொண்டு போயிருந்தாலோ, எழுத்தோரம் உலோகம் கூராக எழும்பி விரலில் உரசினாலோ அது அண்மையில் அடித்தது. முத்திரை உண்மையானாலும் அது அந்தப் படையின் துப்பாக்கி என்பதற்குத்தான் சான்று. அந்த நாளில் அங்கே இருந்ததற்கு அல்ல. வாய்வழிக் கதைக்குத் தனி விலை தராதீர்கள்.

தேவநாகரி எழுத்து இருந்தால் போலி என்று முடிவுகட்டாதீர்கள். அது நேபாளத்தில் கையால் செய்த கஹேந்திரா ரைஃபிளாக இருக்கலாம். இவற்றைக் காத்மாண்டு கிடங்கிலிருந்து 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் வாங்கி வந்தார்கள். வெளித்தோற்றம் மார்டினி, உள்ளமைப்பு வேறு. உறுப்புகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்தவும் முடியாது. அசலான பழம்பொருள், ஆனால் சுடுவதற்கல்ல.

நேரில் போக முடியாவிட்டால், ரிசீவரின் இருபுறமும், குழல் வாய், கட்டையின் அடித்தகட்டு, லீவர் இறங்கிய நிலை ஆகிய படங்களையும் குழல் நீளத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஏல விதிகளில் போலி என்று நிரூபித்துத் திருப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும், சுத்தியல் விலைக்கு (ஏலத்தில் முடிவான விலைக்கு) மேல் ஏலக்காரரின் சதவீதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் படித்துவிட்டே கை தூக்குங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுவோர் சட்டத்தை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்தது என்றால் பழம்பொருள். இங்கே வயது மட்டும் உதவாது: 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழந்துப்பாக்கிகளுக்குத்தான் விலக்கு தருகிறது. இயங்கும் நிலையில் உள்ள மார்டினிக்கு அந்த விலக்கு கிடைக்காது.