கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மக்ரூன் சுட முடியாது

பேக்கரிச் சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சரக்கு மாஸ்டருக்குச் சம்பளமும் கொடுத்துவிட்டு, முந்திரிப் பொடி சேர்த்துச் சுடும் மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கருவை எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று கல்லாவில் இருந்தபடியே குரல் கொடுக்கும் முதலாளிகள் எங்கள் தூத்துக்குடியில் நிறையப் பேர். அவர்களில் பலர் என்னோடு ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, போனஸ், பிள்ளையின் படிப்புக்கு முன்பணம் என்று தாராளமாகக் கொடுப்பார்கள். கடைச் சாவியை மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

முடிவெடுக்கும் பொறுப்பை வேலையாட்களிடம் ஒப்படைப்பதைத் திருச்சபை இரக்கத்தின் கணக்கில் வைக்கவில்லை, நீதியின் கணக்கில் வைத்திருக்கிறது. சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் சுற்றுமடலில் எழுதினார். அவர் மனதில் இருந்தது அரசும் சமூகமும். 2012-இல் வத்திக்கானின் நீதி, அமைதி அவை தொழில் நடத்துகிறவர்களுக்காக வெளியிட்ட கையேடு அதையே நிறுவனத்துக்குள்ளும் பொருத்திக் காட்டியது. யாருக்கு எதுவரை உரிமை என்று வரையறுக்க வேண்டும். அதற்கான பயிற்சியும் கருவியும் தர வேண்டும். பிறகு அவர்கள் எடுக்கும் முடிவை, அதன் ஆபத்தோடு சேர்த்து, ஏற்க வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் செய்துவிடுவோம். மூன்றாவதில்தான் கை நடுங்கும்.

தொடங்குவது எளிது. ஒரு வாரம், உங்களிடம் வரும் கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். "அண்ணாச்சி, நொறுங்கிப்போன பெட்டியை மாற்றிக் கொடுக்கட்டுமா?" "முந்திரி தீரப்போகிறது, சொல்லிவிடவா?" பெரும்பாலானவை கேட்கிறவருக்கே விடை தெரிந்த கேள்விகள். திட்டு விழுமோ என்றுதான் கேட்கிறார்கள். அவற்றுக்கு ரூபாயில் ஒரு வரம்பு வையுங்கள்: 500 ரூபாய் வரை வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுப்பது கவுண்டரில் நிற்பவர் முடிவு, 5,000 ரூபாய் வரை சரக்கு வாங்குவது மாஸ்டர் முடிவு. விவிலியத்தில் விடுதலைப் பயணம் 18-ஆம் அதிகாரத்தில் மாமனார் இத்திரோ மோசேக்குச் சொன்னதும் இதுதான்: பெரிய வழக்கு உன்னிடம் வரட்டும், சிறியதை அவர்களே தீர்க்கட்டும். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு, கைக்கூலியை வெறுப்பவனாக இருக்கட்டும் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை.

சமையல்கூடத்தில் விளைவைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். மக்ரூன் வெளியே மொறுமொறுப்பாக, நிறம் ஏறாமல், வாயில் வைத்ததும் கரைய வேண்டும்; இதுவரைக்கும் பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறினால் கலவை இளகும், வெந்ததும் சீக்கிரம் நமத்துப்போகும். அன்றைக்கு மாஸ்டர் வெள்ளைக்கருவைக் கரண்டியில் தூக்கி, நுனி வளைகிறதா நிற்கிறதா என்று பார்த்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, முந்திரிப் பொடியைக் கடைசியில் புரட்டுவார். தட்டை இளஞ்சூட்டில் கூடுதல் நேரம் விடுவார். நேற்று 'இத்தனை நிமிடம்' என்று நீங்கள் போட்ட உத்தரவை அவர் இன்று அப்படியே கடைப்பிடித்தால் தட்டு மொத்தமும் வீண்.

நம்புவது என்றால் கணக்குக் கேட்காமல் இருப்பது அல்ல. இயேசு சொன்ன தாலந்து உவமையில் தலைவர் தன் பணத்தை ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விடுகிறார், நடுவில் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறார். கல்லாவை இரவில் இருவர் சேர்ந்து எண்ணட்டும். முந்திரி இருப்பை வாரம் ஒருமுறை எடைபோடுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவருக்கு அது பாதுகாப்பும்கூட. கல்லாவுக்கு மேல் கேமரா இருக்கட்டும். பூசையில் பிரசங்கத்தின்போது கைப்பேசியில் சமையல்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு நோய். அதற்கு, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிதான் சரியான இடம்.

பழகிப் பார்க்கப் பனிமய மாதா திருவிழாவைவிட நல்ல காலம் கிடையாது. ஜூலை 26-இல் கொடியேறியதும் வெளியூர்க் கூட்டம் வந்துவிடும், ஆகஸ்டு 5 வரை பார்சல் கட்டி மாளாது. அந்த நாட்களில் மாலை நவநாள் செபத்துக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ஏதாவது தப்பு தெரிந்தால், "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வி போதும், மறுநாள் காலையே எல்லாக் கேள்வியும் உங்கள் மேசைக்குத் திரும்பிவிடும். "அப்போது நிலைமை எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

பொறுப்பைக் கூட்டிய மாதமே சம்பளத்தையும் கூட்டுங்கள். பி.எஃப். கட்டுவது, உணவுப் பாதுகாப்பு உரிமம், வேலையாட்களுக்குள் வரும் சண்டை, இவை எப்போதும் உங்கள் தலையில்தான். இவற்றை மாஸ்டரிடம் தள்ளிவிட்டு, "நம்பி ஒப்படைத்தேன்" என்று பங்குச் சாமியாரிடம் பெருமை பேசாதீர்கள்.