பழைய கொக்கி மவுண்டைப் பரிசோதிப்பது எப்படி?

பழைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைப் பார்ப்பவர் கண் முதலில் ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின் மேல்தான் போகும். நீங்கள் அதற்குக் கீழே பாருங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் சிறிய இரும்புக் கால்கள் தெரியும். அதுதான் மவுண்ட். கண்ணாடியைத் தொழிற்சாலை செய்தது. மவுண்டையோ ஒரு கைவினைஞர் அந்த ஒரே துப்பாக்கிக்காக அரத்தால் ராவிச் செய்தார்.

வியன்னாவின் காலெஸ் நிறுவனம் 1900-ல் டெலோரார் ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. 1904-ல் யேனா நகரின் ஸைஸ் நிறுவனமும் இறங்கியது. வேட்டைக்காரருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மழையிலும் அடர்ந்த புதரிலும் ஸ்கோப் இடைஞ்சல். கழற்றிப் பையில் போட வேண்டும். திரும்ப மாட்டும்போது குறி மாறவும் கூடாது. ஜெர்மனியில் துரிங்கியா பகுதியின் துப்பாக்கி நகரமான ஸூல் பெயரால் வழங்கும் கொக்கி மவுண்ட் இதற்கு நல்ல தீர்வாக அமைந்தது.

அமைப்பு எளிது. ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் முன்வளையத்துக்குக் கீழே இரண்டு கொக்கிகள். அவற்றின் நுனி குழல்வாய்ப் பக்கம் பார்த்திருக்கும். துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் பொருத்திய இரும்பு அடித்தளங்கள்தான் பேஸ்கள். முன்பேஸின் பள்ளங்களில் ஸ்கோப்பைச் சாய்த்து நுழைத்து, பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால், கொக்கிகள் பள்ளத்தின் உதட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பின்கால் பின்பேஸுக்குள் இறங்க, ஸ்பிரிங் தாழ் பாய்ந்து பிடிக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் கொக்கி தன் பள்ளத்துக்குள் இன்னும் இறுகத்தான் செய்யும்.

படி 1: துப்பாக்கியைக் காலியாக்குங்கள்

உரிமம் உள்ளவர் முன்னிலையில் மட்டுமே வேலை. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள்.

படி 2: கழற்றும் முன் படம் எடுங்கள்

நான்கு பக்கமும் எடுங்கள். பின்பேஸின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு திருகுகள் இருந்தால் நெருக்கமாக ஒரு படம் கட்டாயம். போருக்கு முந்தைய ஜெர்மன் ஸ்கோப்புகள் பெரும்பாலானவற்றுக்குள் மேல்கீழ்த் திருத்தம் மட்டுமே உண்டு. இடம்வலம் திருத்துவது இந்தத் திருகுகள்தான். அழுக்கெடுக்கிறேன் என்று இவற்றைத் தொட்டால், யாரோ ஒருவர் சுட்டுச் சுட்டு அமைத்த குறி கலைந்துவிடும்.

திருகுகளின் வாயையும், அதாவது திருப்புளி நுழையும் வெட்டையும் கவனியுங்கள். நல்ல வேலையில் எல்லாத் திருகுவாய்களும் குழலின் நீளவாக்கில் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று கோணலாக நின்றாலோ, வாய் சிதைந்திருந்தாலோ, பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று பொருள்.

படி 3: எண்களைத் தேடுங்கள்

வளையத்தின் அடியில், பேஸின் பக்கவாட்டில் எண்கள் இருக்கலாம். இந்த மவுண்ட் இந்தத் துப்பாக்கிக்கு என்பதற்கான சாட்சி அவை. பிரிட்டனும் இதே ஒழுங்கைக் கடைப்பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் லண்டனின் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனம் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி) துப்பாக்கிகளுக்கு ஸ்கோப் பொருத்தியது. அங்கே துப்பாக்கியின் எண் மவுண்டிலும், ஸ்கோப்பின் எண் துப்பாக்கிக் கட்டையின் கழுத்திலும் பொறிக்கப்பட்டன.

படி 4: கழற்றித் துடையுங்கள்

தாழை விலக்கி, ஸ்கோப்பின் பின்பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். முன்கொக்கிகள் தானாக விடுபடும். வரவில்லை என்றால் நெம்ப வேண்டாம். பள்ளத்தில் உறைந்த பழைய எண்ணெய்தான் காரணமாக இருக்கும். ஒரு சொட்டு மெல்லிய மிஷின் ஆயில் விட்டு ஓர் இரவு காத்திருங்கள்.

பள்ளங்களுக்கு மூங்கில் குச்சியும் பழைய டூத் பிரஷும் போதும். உப்புத்தாள், ஸ்டீல் உல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தின்னரும் அசிட்டோனும் லென்ஸ் அருகே போகவே கூடாது. அந்தக் கால லென்ஸ்களை ஒட்டியிருப்பது கனடா பால்சம் என்ற மரப்பிசின். கரைப்பான் அதைக் கரைத்துவிடும், சூடும் அதைக் கெடுத்துவிடும்.

படி 5: புகைக்கரிச் சோதனை

இந்த ஒரு படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு ஆண்-பெண் பொருத்தம் நினைவிருக்கும். ஒரு துண்டில் நீலம் தடவி மற்றதில் நுழைத்து, எங்கே உராய்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் ராவுவோம். துப்பாக்கித் தொழிலாளர்கள் நீலத்துக்குப் பதில் புகைக்கரியைப் பயன்படுத்துவார்கள். நீலத்தைவிட அது மெல்லியது, பொய் சொல்லாது.

கொக்கிகளை எண்ணெயில்லாமல் துடையுங்கள். லென்ஸ்களைத் துணியால் மூடுங்கள். ஒரு தகரத் துண்டை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரியைப் பிடியுங்கள். தகரம் ஆறியதும் மென்மையான தூரிகையால் அந்தக் கரியை எடுத்துக் கொக்கியில் மெல்லியதாகப் பூசுங்கள். தொழிலாளர்கள் உலோகத்தை நேரே புகையில் காட்டுவார்கள். வளையங்கள் ஸ்கோப்போடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இப்போது ஸ்கோப்பை மாட்டி, தாழ் விழும் சத்தம் கேட்டதும் மறுபடி கழற்றுங்கள். கரி அழிந்து இரும்பு மின்னும் இடங்களே தொடும் இடங்கள். இரண்டு கொக்கிகளிலும் மேல்முகத்தில் அகலமாக, ஒரே அளவில் அழிந்திருந்தால் அது தேர்ந்த கை. ஒரு கொக்கியில் மட்டும் அழிந்திருந்தால் சுமை முழுவதையும் அதுவே தாங்குகிறது. ஓரத்தில் மட்டும் கோடாக அழிந்திருந்தால் தேய்ந்திருக்கலாம், அல்லது வேறொரு துப்பாக்கியின் மவுண்ட் இங்கே வந்திருக்கலாம். அப்போது படி 3-க்குத் திரும்பி எண்களை ஒப்பிடுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்றால், கணக்கு அப்படி. முன்கொக்கிக்கும் பின்காலுக்கும் இடையே 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்கால் 0.1 மி.மீ. விலகினால் 100 மீட்டர் தூரத்தில் குறி 83 மி.மீ. தள்ளிப்போகும். ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன்தான் அந்த 0.1 மி.மீ. அதற்கும் குறைவான இடைவெளியில் நின்று வேலை செய்தவர்கள் கையில் இருந்தது அரமும் கரியும்தான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது பிரமிப்பு.

படி 6: ஆட்டம் பாருங்கள்

ஸ்கோப்பை மாட்டிய நிலையில், ஒரு விரலை வளையமும் பேஸும் சேரும் இடத்தில் வைத்து, மறுகையால் ஸ்கோப்பை இலேசாக அசையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். ஆட்டம் இருந்தால் சுத்தியால் கொக்கியைத் தட்டி அகலப்படுத்த வேண்டாம். தகடு செருகவும் வேண்டாம். கழித்த இரும்பு திரும்ப வராது. உலோகம் சேர்த்து மறுபடி ராவத் தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுங்கள்.

அவரிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றும் முறை வேண்டாம். அந்தக் காரம் பேஸைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றை அரித்துவிடும். துருவேற்றி, கொதிநீரில் இட்டுக் கறுப்பாக்கும் பழைய முறை 100 டிகிரியைத் தாண்டாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று உருக 183 டிகிரியாவது வேண்டும்.

படி 7: திரும்ப மாட்டுங்கள்

கரியை முழுவதும் துடைத்து, கொக்கிகளில் எண்ணெய் தொட்ட துணியை ஒருமுறை ஓட்டுங்கள். முன்கொக்கி, பின்கால் என்ற வரிசையில் மாட்டுங்கள். துப்பாக்கியையும் ஸ்கோப்பையும் தனித்தனியே வைக்க நேர்ந்தால், துப்பாக்கியின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்கோப் உறைக்குள் போட்டுவிடுங்கள்.