மேசைத் தொலைபேசியிலிருந்தே அலுவலக இன்டர்காமை அமைப்பது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்து அலுவலகங்களிலும் தோல் கம்பெனிகளிலும் நான் அதிகம் கண்டது பானசோனிக் டிஇஎஸ் 824 என்னும் இபிஏபிஎக்ஸ் பெட்டியைத்தான்; வெளி லைன்களையும் உள் போன்களையும் இணைத்துத் தருவது அதுவே. 3 வெளி லைன்களும் 8 இன்டர்காம்களும் கொண்டு வரும் இதனைக் கார்டுகள் சேர்த்து 8 லைன், 24 இன்டர்காம் வரை விரிக்கலாம். இதன் அமைப்புகளை மாற்றக் கணினி கட்டாயமில்லை. முதல் ஜாக்கில் டிஸ்பிளே உள்ள பானசோனிக் போன் ஒன்று இணைந்திருந்தால் போதும். சாதாரண புஷ்பட்டன் போனிலிருந்து இது நடக்காது.

பொத்தானைத் தொடுவதற்கு முன், எந்த இன்டர்காம் யாருடையது, எந்த லைன் எங்கே அடிக்க வேண்டும், யார் எதுவரை வெளியே பேசலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ப்ரோகிராம் பொத்தானை அழுத்தி, நட்சத்திரம், ஹேஷ், 1234 என்று தட்டினால் திரை ப்ரோகிராம் எண்ணைக் கேட்கும். 000 தட்டித் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். பகல், இரவு மாற்றத்தைத் தானியங்கியாக வைத்தால் பெட்டி இந்தக் கடிகாரத்தையே நம்பும். 009 இன்டர்காம் எண்களுக்கானது. 408 பகலிலும் 409 இரவிலும் எந்தப் போன் அடிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். இரவில் வாட்ச்மேன் அறை மட்டும் அடித்தால் போதும் என்பார்கள், அதை இங்கே செய்யலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஸ்டோர் பொத்தானை அழுத்தத் தவறினால் அது பதிவாகாது. 999 மட்டும் வேண்டாம். அது எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

உண்மையான சிக்கல் பூஜ்யத்தில் இருக்கிறது. எஸ்டிடி பில்லுக்கு அஞ்சி, மேலாளர் அறை நீங்கலாக மற்ற இன்டர்காம்களில் 0 தடுக்கப்படுவது பழைய வழக்கம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்றானதும், காட்பாடிப் பக்கம் நான் பார்த்துவந்த ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் யாரும் செல்போனுக்குப் பேச முடியாமல் போனது. லைன் பழுது என்று இரண்டு நாள் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குற்றவாளி நானே முன்பு எழுதி வைத்திருந்த தடைப் பட்டியல்.

ஆகவே தடையில் 0 இருக்கட்டும்; விதிவிலக்குப் பட்டியலில் செல்போன்களுக்காக 06, 07, 08, 09 ஆகியவற்றைச் சேருங்கள். அத்துடன் 0417 என்னும் நான்கு இலக்கத்தைச் சேர்த்தால் குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி, ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலை, அரக்கோணம், திருப்பத்தூர் எல்லாம் திறக்கும். மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் பழைய வட ஆர்க்காட்டின் பெரும்பகுதி இந்த 0417க்குள் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. போளூர் போன்ற சில ஊர்கள் 0418 என்று தொடங்குவதால் வெளியே நிற்கும். வேலூரின் சொந்த 0416க்கோ, வேலூர் அலுவலகம் என்றால் உள்ளூர் அழைப்பே போதும். சென்னையின் 044ம், 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்புகளும் அடைபட்டே இருக்கும். 08 திறந்திருப்பதால் பெங்களூரின் 080 நுழைந்துவிடும். செல்போன் எண்களும் 080 என்று தொடங்கக்கூடும் என்பதால் அதைத் தடுக்க வழியில்லை. வெளி லைன் எடுக்கும் 9ஐ இந்தப் பட்டியல்களில் சேர்த்து 90 என்று எழுதிவிடாதீர்கள். பெட்டி அந்த 9ஐக் கணக்கில் எடுக்காது, புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

002ல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து அழைத்து உள்ளே நுழையும் டிசா வசதி கவனிப்பின்றித் திறந்திருந்தால் யாரோ பேசும் வெளிநாட்டு அழைப்புக்கு உங்களுக்குப் பில் வரும்.

கடைசியாக ப்ரோகிராமிலிருந்து வெளியேறிவிட்டு, குமாஸ்தா மேசையிலிருந்து 9 தட்டி உங்கள் செல்போனையும், பின்னர் ஒரு ராணிப்பேட்டை எண்ணையும், ஒரு சென்னை எண்ணையும் அழைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் அடிக்க வேண்டும், மூன்றாவதற்குத் தடை டோன் வர வேண்டும். வந்தால், கையால் எழுதிய அந்தத் தாளைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிட்டுக் கிளம்பலாம்.