‘ஏரிதானே’ என்று இறங்கிவிடாதீர்கள்: பாறைக்கரைப் பூங்காக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலுக்குப் போனால் நமக்குத் தானாகவே ஒரு பயம் வந்துவிடும். அலையைப் பார்ப்போம், பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். ஏரிக்கரையில் அந்தப் பயம் வருவதில்லை. தண்ணீர் சும்மா கிடக்கிறது, பின்னால் மரநிழல், நடக்கப் பாதையும் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘ஏரிதானே’ என்று இறங்கிவிடுகிறோம். இங்கே நடக்கும் பல தவறுகள் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகின்றன.

முதலில் பாறை. தண்ணீரோரப் பாறையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மேலே வெயில் படுகிற பகுதி வெளிறிச் சொரசொரவென்று இருக்கும். உள்ளங்கையை வைத்தால் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். கீழே போகப் போக ஓரிடத்தில் நிறம் கறுக்கும். அந்தக் கறுப்புப் பட்டைதான் ஆபத்து. அதில் மெல்லிய பாசி படர்ந்திருக்கும். காய்ந்திருந்தால் வெறும் கறை என்றுதான் நினைப்போம். ஒரு சிற்றலை வந்து நனைத்துவிட்டால் எண்ணெய் கொட்டியது போல ஆகிவிடும். நல்ல ஷூ போட்டிருக்கிறேனே என்ற தைரியம் அங்கே உதவாது. நிறம் மாறும் இடத்துக்கு ஓர் ஆள் நீளம் மேலேயே நான் நின்றுவிடுவேன். அங்கே சறுக்கினாலும் பாறையில்தான் விழுவோம், தண்ணீருக்குள் போக மாட்டோம்.

போட்டோ எடுக்கும்போது ‘இன்னும் ஒரு அடி பின்னால் போ’ என்று சொல்வது இந்த இடத்தில் கூடவே கூடாது. உட்கார வைத்து எடுங்கள். படமும் நன்றாக வரும்.

அப்புறம் தண்ணீர். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். ஒளி விலகுவதால் 4 மீட்டர் ஆழம் மேலிருந்து பார்க்க ஏறக்குறைய 3 மீட்டராகத் தெரியும். நிற்கலாம் என்று நினைத்து இறங்கும் இடத்தில் கால் எட்டாது. பாறை மேலிருந்து தலைகீழாகக் குதிப்பதோ இன்னும் மோசம். அடியில் கிடக்கும் ஒரு கல் போதும், கழுத்தெலும்பு முறிந்துவிடும்.

குளிர்ச்சியைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கரையில் வெயில் சுடும், ஆழமான ஏரியின் தண்ணீரோ உறைய வைக்கும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே சுமார் 4 டிகிரி செல்சியஸ்தான். அப்படிப்பட்ட தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே பெரிய மூச்சாக இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில்தான் சிக்குகிறார்கள். விழுந்தவுடன் கரையை நோக்கிக் கையை வீசாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு நீந்தலாம். விழுந்தவர் வேறொருவர் என்றால், பின்னாலேயே குதிக்காமல் நீளமான கிளையையோ மூடிய காலி பாட்டிலையோ அவர் கைக்கு எட்டும்படி கொடுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

இடிச்சத்தம் கேட்டால் கரையில் நிற்கவே வேண்டாம். தனி மரத்தடியும் சரிப்படாது. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடமாவது இருங்கள்.

காட்டுப்பாதையில் நடப்பவர்கள் நேரக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு. வேரும் கல்லுமாகக் கிடக்கும் பாதையில், குழந்தைகளோடு போகும்போது, ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சாயங்காலம் ஏரி வானத்தைப் பிரதிபலிப்பதால் கரை வெகுநேரம் வெளிச்சமாகவே இருக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிட்டு மரங்களுக்குள் திரும்பினால், அங்கே எப்போதோ இருட்டியிருக்கும். அதனால் எங்கே திரும்புவது என்று முடிவு செய்யாமல், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். மணி ஆகிவிட்டால் அருவி இன்னும் கால் கிலோமீட்டர்தான் என்றாலும் திரும்பிவிட வேண்டும்.

போனை மட்டும் நம்பிப் போவதும் தவறு. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கிவிடும். நுழைவாயிலில் உள்ள வரைபடப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு ஃபிளைட் மோடில் போடுங்கள். டார்ச் தனியாக இருக்கட்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பட்டை உரிந்த ஈர வேரும் பாசிப் பாறைக்குச் சளைத்ததல்ல. மிதிக்காமல் தாண்டிப் போங்கள். ஆனால் சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள். எனக்கு மனசு வலிக்கிற விஷயம் இது. ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்க ஒதுங்க, ஒற்றையடிப் பாதை வண்டித்தடமாக அகன்று, பக்கத்துச் செடிகளெல்லாம் செத்துப்போகின்றன. ஷூ அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம். பாறை மேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் லைக்கனை, அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரை, கீறிப் பெயர் எழுதுகிறவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத லைக்கன் வகைகள் இருக்கின்றன. ஓர் எழுத்து போட்டால் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். கல் அடுக்கி விளையாடுவதையும் விட்டுவிடுங்கள். சில பூங்காக்களில் அந்தக் குவியல்தான் வழிகாட்டும் அடையாளம். நம் விளையாட்டால் பின்னால் வருகிறவர் வழி தவறிப்போவார்.

நாயைக் கூட்டிப் போனால், பச்சை பெயின்ட் கொட்டியது போன்ற தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். அது நச்சுப் பாசியாக இருக்கலாம். நாய் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், அக்குள், காதோரம், தலைமுடிக்குள் என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எண்ணெய் ஊற்றவோ தீக்குச்சியால் சுடவோ வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.