வேகம் குறையும்போது எழும் ஓசையின் மூலத்தைக் கண்டறிதல்

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கவனியுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஓசை வந்தால், பிரேக் பேடுகளைப் பாருங்கள்.

காலை எடுத்ததுமே முனகல் எழுந்தால், கிளட்சை மிதித்துச் சிறிது தூரம் வண்டியை உருளவிட வேண்டும். அப்போது ஓசை அடங்கினால், எஞ்சின் பின்னிழுக்கும் சுமையைத் தாங்கும் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியலின் (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் அமைப்பு) பற்சக்கரங்களிலோ பேரிங்குகளிலோ தேய்மானம் இருக்கக்கூடும். பின்சக்கர இயக்க வண்டிகளில் டிஃபரன்ஷியலுக்குள் விசையைக் கொண்டுசெல்லும் சிறு பற்சக்கரமான பினியனின் பேரிங்கையே நான் முதலில் சந்தேகிப்பேன். கியர் எண்ணெயை வடிக்கும்போது வடிதுளையின் காந்த மூடியில் ஒட்டும் நுண்ணிய உலோகப் பசை இயல்பானதே. சில்லுகள் தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

கிளட்சை மிதித்தும் அடங்காத ஓசை, வேகத்தோடு மட்டுமே தணிந்தால், வீல் பேரிங்கோ டயரோ காரணமாகலாம். வலப்பக்கம் மெல்ல வளைகையில் அது கூடினால், பாரம் ஏறும் இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங்கைச் சோதியுங்கள்.