மூச்சடக்கி மூழ்கும்முன்

மூச்சு முட்டியதும் மேலே வந்தால் போதும் என்பது தவறான கணக்கு. முட்டலை உண்டாக்குவது முக்கியமாக உடலில் கூடும் காபனீரொட்சைட்டு. மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு குறைந்துவிடும். அதனால் ஒட்சிசன் தீரும்போதும் முட்டல் வராது, நேரே மயக்கம்தான். “இன்று இலகுவாக இருக்கிறது” என்று தோன்றினால் நான் சந்தேகப்படுவேன்.

இலங்கை மலையகத்தின் காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கும் மேலே இருக்கின்றன. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீரும் குளிர். திருகோணமலைக் கடலில் பிடித்த மூச்சுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். நடுக்கம் தொடங்கினால் அன்றைக்குப் போதும். இரண்டு முறை மூழ்குவதற்கிடையே, மூழ்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது ஓய்வு வேண்டும்.

தனியே மூழ்கவே கூடாது. ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே, கண்ணெடுக்காமல். மயக்கம் பெரும்பாலும் மேலே வரும் கடைசி மீற்றர்களில், சிலவேளை தலை வெளியே வந்த பிறகும் வரும். ஆகவே வந்தவரை 30 விநாடி பாருங்கள். உதடு நீலமாகி, தலை ஆடி, பார்வை வெறித்தால் உடனே முகத்தை நீருக்கு மேல் தூக்கி, முகமூடியைக் கழற்றி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அணைக்கட்டு, வான்கதவுப் பக்கம் வேண்டவே வேண்டாம்.